முதல் தீவிலேயே நிற்கும் படகு

பொன்னேரி
18 ஜனவரி 2004

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலமா என்று இதில் கேட்கப் போவதில்லை. அதைத்தான் வெள்ளிக்கிழமைதோறும் போனில் கேட்கிறேனே. ஹாலில் ஒரு பக்கம் உங்கள் அம்மா, இன்னொரு பக்கம் உங்கள் தங்கை ஜபீன். ரிசீவர் என் கைக்கு வந்ததும் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு என் வாயையே பார்ப்பார்கள். நான் நலமா என்பேன், நீங்கள் நலம் என்பீர்கள், அதோடு நம் குடும்பப் பேச்சு முடிந்தது. கல்யாணம் முடிந்து நாற்பது நாள் என்னோடு இருந்தீர்கள். ஷார்ஜாவுக்குத் திரும்பி இரண்டு வருஷம் ஆகிறது. கேட்க வேண்டியவை நிறைய சேர்ந்துவிட்டதால் கடிதமாக எழுதுகிறேன்.

உங்கள் ரூமில் தங்கியிருக்கும் சோழவரம் தானியேல் லீவில் வந்தவர், நீங்கள் கொடுத்தனுப்பிய பார்சலைக் கொடுத்து, சாப்பிட்டுவிட்டுப் போனார். தைலம், சோப்பு, பேரீச்சம்பழம் எல்லாம் வழக்கம்போல. அடியில் ஒரு வெள்ளைப் பெட்டி. மாமி அதை ரொட்டி சுடுகிற மிஷின் என்று நினைத்துச் சமையலறையில் கொண்டுபோய் வைத்துவிட்டார். ஜபீன்தான் அட்டையைப் படித்து, டிவியில் விளையாடுகிற பிளேஸ்டேஷன் என்று சொன்னாள். கூடவே மூன்று சிடி. ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

எனக்கு வருத்தம்தான் மச்சான். எனக்கு இது வேண்டுமா என்று கேட்கவில்லை. இது என்ன என்றும் சொல்லவில்லை. ஆறு வருஷமாக நீங்கள் விற்கிற சாமான் இதுதானே? இதில் என்ன நடக்கும்? யாரோடு விளையாடுவது? எவ்வளவு நாளில் சலிக்கும்? இந்த மூன்று சிடியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்? விவரமாக எழுதுங்கள்.

சைதா

ஷார்ஜா
1 பிப்ரவரி 2004

அன்புள்ள சைதாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். கடிதம் கிடைத்தது. தானியேல் வந்து உன் சமையல் நன்றாக இருந்ததாகச் சொன்னான்.

நீ கேட்டதற்குப் பதில். இது பழைய மாடல். புதிய மாடல் வந்துவிட்டதால் விலை இறங்கியிருக்கிறது. ஆனால் இதற்குத்தான் கேம் அதிகம். சிடிகளில் ஒன்று கார் ரேஸ், ஒன்று கால்பந்து, ஒன்று படகு. மூன்றும் நன்றாகப் போகிற ஐட்டம். ஊருக்குப் போகிறவர்கள் எல்லாரும் வீட்டுக்கு வாங்கிப் போகிறார்கள். அதனால் நானும் வாங்கினேன்.

என்ன நடக்கும், எப்போது சலிக்கும் என்று கேட்டிருக்கிறாய். உண்மையைச் சொன்னால் எனக்குத் தெரியாது. நான் ஒன்றைக்கூட விளையாடிப் பார்த்ததில்லை. அட்டையின் பின்பக்கம் எழுதியிருப்பதைக் கஸ்டமருக்குச் சொல்வேன். அவர்கள் வாங்கிக்கொண்டு போவார்கள். இதுவரை யாரும் உன்னைப்போல் கேட்டதில்லை.

வேண்டாமென்றால் யாருக்காவது கொடுத்துவிடு. பெட்டியைத் தூக்கி எறியாதே. அட்டையோடு இருந்தால்தான் விலை கிடைக்கும்.

முஜீப்

பொன்னேரி
12 பிப்ரவரி 2004

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். ஆறு வருஷம் பிரியாணிக் கடையில் இருந்துவிட்டு ஒரு வாய்கூடச் சாப்பிடாத ஆள் நீங்கள். எங்கள் வாப்பா பழவேற்காட்டில் நண்டு வாங்குவதை நீங்கள் பார்த்ததில்லை. ஒவ்வொன்றாகத் தூக்கிக் கனம் பார்ப்பார், அடிவயிற்றை அமுக்கிப் பார்ப்பார். உள்ளே சதை இல்லாமல் நீர் கோத்துக் கிடப்பதைத் தண்ணி நண்டு என்று தனியாக ஒதுக்கிவிடுவார். வெளியே பார்க்க அதுவும் பளபளப்பாகத்தான் இருக்கும். நீங்கள் விற்பதில் எத்தனை தண்ணி நண்டு என்று யாருக்குத் தெரியும்?

கொடுத்துவிட மாட்டேன். எனக்கு இது என்னவென்று தெரிந்தாக வேண்டும். மதியம் லுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்தால் சாயங்காலம் அஸர் பாங்கு சொன்னதும் எழுந்துவிட வேண்டும் என்பது மாமி போட்ட சட்டம். எனக்கும் அதுதான் சரியாக இருக்கிறது. அதற்குமேல் பார்த்தால் கண் எரிகிறது, ஜபீனோடு சண்டையும் வந்துவிடுகிறது.

கார் சிடி இரண்டு நாளில் சலித்தது. அதே ரோடு, அதே வளைவு. கால்பந்து ஜபீனுக்குப் பிடித்துவிட்டது, இரண்டு பேர் ஆடலாம். எனக்குப் படகுதான். ஒரு பெண் தனியாகத் துடுப்புப் போட்டுக்கொண்டு ஏழு தீவுகளைத் தாண்டிக் கலங்கரை விளக்கத்துக்குப் போக வேண்டும். முதல் தீவில் பாலம் உடைந்து கிடக்கும், பலகை தேடிக் கட்ட வேண்டும். படகைக் கரையேற்றுவதை மட்டும் தப்பாகக் காட்டியிருக்கிறார்கள், நீர் வற்றும்போது எவரும் அப்படி ஏற்ற மாட்டார்கள். ஆனாலும் அடுத்த தீவில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் சோறு இறங்கவில்லை.

ஒரு சங்கடம். பாலத்தைக் கட்டி முடித்ததும் இதுவரை ஆடியதைச் சேமித்து வைக்கவா என்று கேட்கிறது. ஆமாம் என்று அமுக்கினால் மெமரி கார்டு இல்லை என்கிறது. கரண்ட் போனாலோ, அஸருக்கு எழுந்தாலோ, மறுநாள் முதல் தீவிலிருந்தே ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. ஆட்டமே அப்படித்தானா? இல்லை, ஏதாவது குறைகிறதா? உங்கள் கடைக்கு இரண்டாம் முறை வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். எதை வாங்கியதற்குச் சந்தோஷப்பட்டார்கள், எதை வாங்கி ஏமாந்தார்கள் என்றும் கேளுங்கள்.

சைதா

ஷார்ஜா
26 பிப்ரவரி 2004

அன்புள்ள சைதாவுக்கு,

ஆட்டம் அப்படி இல்லை. தப்பு என்னுடையது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மெமரி கார்டு என்பது தீப்பெட்டியைவிடச் சின்னது. எங்கள் முதலாளி மலையாளி. பெட்டி வாங்குகிற எவனையும் கார்டு வாங்காமல் வெளியே விடக்கூடாது என்பது அவர் கட்டளை. நானும் ஆறு வருஷமாக எல்லார் தலையிலும் அதைக் கட்டுகிறேன். போனுக்கு உறை விற்கிறோமே, அதுபோல லாபத்துக்காகத் தள்ளுகிற சாமான் என்றே நினைத்திருந்தேன். உனக்கான பெட்டியைக் கட்டும்போது கடைப் பையன்கள் வழக்கம்போல கார்டையும் உள்ளே வைத்தார்கள். என் பெண்டாட்டி தலையில் கட்டுவதா என்று நானே அதை வெளியே எடுத்து வைத்தேன். எடுத்து வைத்ததில் எனக்குப் பெருமை வேறு.

உன் கடிதம் வந்த அன்றே தானியேலைக் கேட்டேன். அவனிடம் இதே பெட்டி இருக்கிறது. இத்தனை நாளாக என் கட்டிலுக்கு எதிரே விளையாடிக்கொண்டிருந்தான், நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிடுவேன். விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தான். "கார்டு இல்லாத அனுப்பிட்டியா? பாவம்டா அந்தப் பொண்ணு" என்றான். அவன் கார்டைப் போட்டுப் படகு சிடியை நானும் ஆடினேன். பாலம் கட்டவே எனக்கு நாலு நாள் ஆயிற்று. நீ தினமும் அதைக் கட்டுகிறாய் என்று நினைத்தபோது என்னவோ போல் இருந்தது. கார்டைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

நீ சொன்னபடி கஸ்டமரையும் கேட்க ஆரம்பித்தேன். சிலர் முறைத்தார்கள். ஆனால் பேச ஆரம்பித்தவர்கள் நிறுத்தவில்லை. பெஷாவர் டாக்சி டிரைவர் ஒருவர் ஊரிலிருக்கும் மகனுக்குப் புத்தம் புதிதாக வந்த கேமைக் கேட்டார். மகனுக்கு என்ன வயது, கூட ஆட யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். ஏழு வயதாம், ஒரு தங்கை உண்டாம். அவர் கேட்டது பெரியவர்கள் ஆடும் துப்பாக்கி ஆட்டம், அதுவும் ஒருவர் மட்டுமே ஆடலாம். வேண்டாம் என்றேன். இரண்டு பேர் ஆடுகிற பழைய சிடி ஒன்றை, வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் இல்லை என்று காட்டிக் கொடுத்தேன். புதியதற்குக் கொடுக்க இருந்த பணத்தில் பாதிகூட ஆகவில்லை. முதலாளி பார்த்துவிட்டு, வியாபாரத்தைக் கெடுக்கிறாயா என்று சத்தம் போட்டார்.

இரண்டாவது தீவில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

முஜீப்

பொன்னேரி
14 மார்ச் 2004

அன்புள்ள மச்சானுக்கு,

சொல்லாமல் விட்டதற்கு நன்றி. கார்டு இன்னும் வந்து சேரவில்லை. பொறுமை இல்லாமல் நானும் ஜபீனும் பஸ் ஏறிப் புதுவாயல் போனோம். கூட்டுரோட்டில் டிவி கேம் கடை ஒன்று இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் ஷிப்ட் முடிந்தவர்கள் டிபன் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே மணிக் கணக்கில் வாடகை கொடுத்து ஆடுகிறார்கள். எங்களைப் பார்த்ததும் எழுந்து இடம் விட்டார்கள்.

கடைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "மெமரி கார்டுலாம் இங்க வராதும்மா. இத்த எடுத்துக்க, ஒரே சிடில நூத்தியோரு கேம்" என்றார். போட்டுக் காட்டச் சொன்னேன். அது வழக்கமில்லை என்றார். வாப்பாவின் மகள் அமுக்கிப் பார்க்காமல் வாங்குவாளா? ஆடிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர் தன் நேரத்தை எனக்கு விட்டுக்கொடுத்து அந்த சிடியைப் போடச் சொன்னார். முதல் ஆட்டத்தில் சிவப்புக் கார், ஐந்தாவதில் பச்சைக் கார், பன்னிரண்டாவதில் அதே கார் மஞ்சளில். எண்ணிப் பார்த்தால் நாலைந்து ஆட்டம்கூடத் தேறாது. "டப்பு தண்டம்மா, நானும் வாங்கி ஏமாந்தவன்தான்" என்று அவர் சொன்னார். கடைக்காரர் சிரித்துவிட்டு எங்களுக்கு டீ சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜபீன் தூங்கிவிட்டாள். நான் யோசித்துக்கொண்டே வந்தேன். எழுதுவதா வேண்டாமா என்று தெரியவில்லை, எழுதிவிடுகிறேன். நீங்களும் நானும்கூட அந்தக் கார்டு இல்லாத படகு ஆட்டம்போலத்தான் மச்சான் இருக்கிறோம். நாற்பது நாளில் உங்களுக்கு டீயில் எவ்வளவு சர்க்கரை, எந்தப் பக்கம் படுப்பீர்கள், எதற்குக் கோபம் வரும் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். கூச்சம் விட்டுப் பேசத் தொடங்கிய வாரத்தில் கிளம்பிவிட்டீர்கள். மே மாதம் லீவில் வந்தால் மறுபடியும் முதலிலிருந்துதான் தொடங்குவோம். உங்கள் முகமே எனக்குச் சில நாள் சரியாக நினைவுக்கு வருவதில்லை. இதைச் சொல்ல எனக்கு அழுகை வருகிறது.

ஆனால் இந்தக் கடிதங்கள் வந்தபிறகு, நீங்கள் யாரென்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும் இல்லையா?

சைதா

ஷார்ஜா
1 ஏப்ரல் 2004

அன்புள்ள சைதாவுக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்துவிட்டேன். அதற்கு எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியவில்லை. முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த டாக்சி டிரைவர் திரும்பி வந்தார். தன்னோடு மூன்று டிரைவர்களை அழைத்து வந்திருந்தார். எல்லாரும் வயது சொல்லி, எத்தனை பிள்ளைகள் என்று சொல்லி, நீயே எடுத்துக் கொடு என்றார்கள். இப்போது தினமும் என்னைப் பெயர் சொல்லிக் கேட்டு வருகிறார்கள். கடையின் மூலையில் ஒரு டிவி வைத்து, பத்து நிமிஷம் ஆடிப் பார்த்துவிட்டு வாங்கலாம் என்று ஏற்பாடு செய்தேன். அது நீ புதுவாயலில் செய்ததுதான். மெமரி கார்டையும் இப்போது தள்ளுவதில்லை, எதற்கென்று சொல்கிறேன், அவர்களே கேட்டு வாங்குகிறார்கள்.

முதலாளி நேற்று என்னை உட்கார வைத்துப் பேசினார். பக்கத்து ஊர் அஜ்மானில் புதுக் கடை திறக்கிறார், அதை முழுக்க நான் நடத்த வேண்டுமாம். சம்பளம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மூன்று வருஷ ஒப்பந்தம், முதல் வருஷம் லீவு கிடையாது. அதாவது மே மாதம் வர முடியாது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்லச் சொன்னார்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். அல்ஹம்துலில்லாஹ் என்றார், வேறெதுவும் சொல்லவில்லை. இந்தப் பேரெல்லாம் உன் கேள்விகளால் வந்தது. அதனால் முடிவையும் உன்னிடமே விடுகிறேன். உன் விருப்பம் எதுவோ அதுவே என் விருப்பம்.

முஜீப்

பொன்னேரி
12 ஏப்ரல் 2004

மச்சானுக்கு,

கார்டு வந்துவிட்டது. போட்டுப் பார்த்தேன், வேலை செய்கிறது. அதைப் பற்றி எழுத இப்போது மனம் இல்லை.

உங்கள்மேல் எனக்குக் கோபம். டாக்சிக்காரரிடம் உங்கள் விருப்பம் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தீர்களா? பிள்ளைக்கு என்ன வயது, கூட யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள். முன்பின் தெரியாதவருக்கு அவ்வளவு. எனக்கு மட்டும் அட்டையின் பின்பக்கத்தைப் படித்துக் காட்டுகிறீர்கள். சம்பளம் இவ்வளவு, வருஷம் இவ்வளவு, நீயே முடிவு செய். நான் போங்கள் என்றால் மூன்று வருஷம் கழித்து நீதானே சொன்னாய் என்பீர்கள். வாருங்கள் என்றால் நீதானே கெடுத்தாய் என்பீர்கள்.

நான் கேள்வி கேட்டதே உங்களைத் தெரிந்துகொள்ளத்தான். அந்தக் கேள்விகளே உங்களை இன்னும் மூன்று வருஷம் அங்கே கட்டிப்போட்டால் என் வாயைத்தான் நான் நொந்துகொள்ள வேண்டும்.

எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். உங்களுக்கு என்ன வேண்டும் என்று நீங்கள் இன்னும் எழுதவில்லை. இனி எழுதினாலும் மாதத்துக்குள் வந்து சேருமா என்பது சந்தேகம். 23ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் இந்தக் கடிதம் கிடைத்துவிடும், அன்று போனில் கேட்பேன். ஹாலில் யார் இருந்தாலும் இருக்கட்டும்.

சைதா

ஷார்ஜா
26 ஏப்ரல் 2004

என் அன்புள்ள சைதாவுக்கு,

வெள்ளிக்கிழமை நீ நலமா என்று கேட்கவில்லை. எடுத்த எடுப்பில், "மச்சான், உங்களுக்கு இன்னா வேணும்? அத்த மட்டும் சொல்லுங்க" என்றாய். உன் பின்னால் ஹாலில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. இந்தப் பக்கம் தானியேல் என் முழங்கையை இடித்துக்கொண்டிருந்தான். கடைசியில், "ஊட்டுக்கு வரணும்" என்றேன். என் வாயிலிருந்து அப்படி வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. "அப்ப வந்துடுங்க. எனக்கும் அதான் வேணும்" என்றாய். பிறகு ஏதோ விழுந்த சத்தம் கேட்டது, லைன் போய்விட்டது.

மறுநாள் காலையிலேயே முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அவர் கால்குலேட்டரை எடுத்துத் தட்டினார். சம்பளத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றினார். வேண்டாம் என்றேன். ஜூன் கடைசியில் கணக்கு முடித்து அனுப்புவதாகச் சொன்னார். வந்து என்ன செய்வேன் என்று உறுதியாகத் தெரியாது. புதுவாயல் கூட்டுரோட்டில் ஆடிப் பார்த்து வாங்குகிற மாதிரி ஒரு கடை போடலாமா என்று ஒரு யோசனை இருக்கிறது. அது ஓடுமா என்று நீதான் ஆயிரம் கேள்வி கேட்டுச் சொல்ல வேண்டும்.

ஒரு பயமும் இருக்கிறது. கடிதத்தில் நான் நிறைய எழுதிவிட்டேன். நேரில் நான் இவ்வளவு பேசுகிற ஆள் இல்லை. நீ எதிர்பார்த்துக்கொண்டிருக்கிற முஜீப் வேறு யாராவதாக இருந்துவிட்டால் என்ன செய்வாய்?

அம்மாவின் கோபம் எப்படி இருக்கிறது? போனில் என்னோடு பேச மாட்டேன் என்கிறார்.

உன் முஜீப்

பொன்னேரி
9 மே 2004

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் பேச வேண்டாம். கேட்கிறதை நான் பார்த்துக்கொள்கிறேன். தலையை ஆட்டினால் போதும். பயம் எனக்கும் இருக்கிறது, அதனால் இரண்டு பேரும் சரிக்குச் சரி.

அன்று விழுந்தது மாமியின் வெற்றிலைப் பெட்டி. விழுந்ததை எடுக்காமல் எழுந்து உள்ளே போனவர், இரண்டு வாரம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சோற்றைப் போட்டால் சாப்பிட்டார், அவ்வளவுதான். படகு ஆட்டத்தைத் தினமும் ஓரமாக உட்கார்ந்து பார்க்கிறவர், அந்தப் பக்கமே வரவில்லை. நானும் பெட்டியைத் திறக்கவில்லை.

நேற்று பழவேற்காட்டிலிருந்து உங்கள் பெரியம்மா பர்ஹானா வந்திருந்தார். விஷயம் அங்கே வரை போயிருக்கிறது. இரண்டு மடங்கு சம்பளத்தை விட்டுவிட்டு வருகிறானாமே என்று ஆரம்பித்தார். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து, "டிவி பொட்டில கூட ஆடறதுக்கு ஆள் வேணும்னு புருசன கூப்டுக்கினாளாம் உம் மருமவ. ஊரே சிரிக்குது" என்றார். நான் கையிலிருந்த பலகாரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "ஆமா பெரீம்மா, நாந்தான் வரச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டேன்.

மாமி திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார். பிறகு பெரியம்மாவிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.

"அவ மேல எனக்குக் கோவம் இல்லக்கா. ஆறு வருசமா வாரா வாரம் அந்தப் போன புடிச்சிக்கினு நிக்கறேன். வாடா மவனேன்னு ஒரு தடவ சொல்ல எனக்கு வாய் வரல. நேத்து வந்தவ சொல்லிட்டா."